ஏழை வீட்டுக் குளிர்ப்பெட்டியும் அறுபது அலகுக் கோடும்

“அதுகளுக்கு என்னத்துக்குப் பிறிஜ்?”

இந்தக் கேள்வியை அச்சுவேலியிலே பலர் வாயிலிருந்தும் நாம் கேட்டிருக்கிறோம். கேட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள், பிள்ளைகளைக் கனடாவுக்கும் இலண்டனுக்கும் அனுப்பிவிட்டுப் பெரிய வீட்டிலே தனித்திருக்கும் தாய் தந்தையர், கோயில் திருப்பணிக்குத் தாராளமாகக் கொடுக்கும் வியாபாரிகள் ஆகியோரே இவ்வாறு கேட்கின்றனர். மின்சாரக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் இணைப்புத் துண்டிக்கப்பட்ட ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், கேள்வியும் கூடவே எழுந்துவிடுகிறது. ‘அதுகள்’ என்பது நமது ஊர்ப்பேச்சிலே அன்பாகவும் வழங்கும் சொல்தான். பேரப்பிள்ளைகளையும் அவ்வாறே சொல்கிறோம். ஆயின் இவ்விடத்திலே அச்சொல் அன்பினால் வந்ததன்று என்பதை, யாழ்ப்பாணச் சமூகத்தைச் சிறிதேனும் அறிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

வாய்ப்பேச்சாக மட்டும் இருந்திருந்தால் இதற்கு வாயாலேயே பதில் சொல்லிவிட்டு அப்பால் சென்றிருப்போம். ஆனால் இதே கேள்வி நாகரிகமான உடை உடுத்து, எண்களின் உருவிலே, வீட்டுப் பாவனையாளருக்கான மின்கட்டண அட்டவணையிலும் அமர்ந்திருக்கக் காண்கிறோம். மாதம் ஒன்றுக்கு அறுபது அலகு என்று ஒரு கோடு நெடுங்காலமாகக் கீறப்பட்டு வந்திருக்கிறது. கோட்டுக்கு உள்ளே நிற்பவருக்கு ஒரு விலை. கோட்டை ஓர் அலகால் தாண்டியவருக்கு, தாண்டிய அந்த ஓர் அலகுக்கு மட்டுமன்றி, முதலாவது அலகிலிருந்தே வேறு விலை. மின்குமிழும் விசிறியும் மட்டுமுள்ள சிறு வீடு இக்கோட்டைத் தாண்டுவது அரிது. அதைத் தாண்டச் செய்வது பெரும்பாலும் ஒரே பொருள்தான். அந்தப் பொருள் குளிர்ப்பெட்டி.

கணக்கைப் பார்ப்போம். கணக்கு என்றதும் இலக்கிய அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நமது மக்களின் வாழ்க்கை எந்தக் கவிதையிலும் எழுதப்படாத அளவுக்கு இந்த எண்களிலே எழுதப்பட்டிருக்கிறது.

ஆயிரம் வாற்று வலுவுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவது ஓர் அலகு. பத்து வாற்று மின்குமிழ் ஒன்று நூறு மணி நேரம் எரிந்தாலே ஓர் அலகு ஆகும். நான்கு குமிழ்கள், இரவிலே சுழலும் ஒரு விசிறி, மாலையிலே சில மணி நேரம் ஓடும் தொலைக்காட்சிப் பெட்டி, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றுதல், கிழமைக்கு ஒரு தடவை பள்ளிச் சீருடைகளுக்கு அழுத்தி போடுதல் இவையெல்லாம் சேர்ந்தால் ஒரு சிறு குடும்பத்துக்கு மாதம் முப்பத்தைந்து அலகு போதும். குளிர்ப்பெட்டி வந்ததும் நிலைமை மாறுகிறது. அது இருபத்துநான்கு மணி நேரமும் கொழுவியே கிடக்க வேண்டிய பொருள். உள்ளே இருக்கும் அமுக்கி இடையிடையே ஓய்ந்து ஓய்ந்து ஓடினாலும், நடுத்தர அளவுப் பெட்டி ஒன்று நமது வெயிலிலே நாளுக்கு ஏறத்தாழ ஓர் அலகு தின்னும். ஆகவே மாதத்துக்கு முப்பது. முப்பத்தைந்தும் முப்பதும் அறுபத்தைந்து. கோடு தாண்டியாயிற்று.

2014 செப்டெம்பரிலிருந்து 2022 ஓகஸ்ட் வரை நிலவிய கட்டணத்திலே, முப்பத்தைந்து அலகு பாவித்த வீட்டுக்கு மாதக் கட்டணம் 159 ரூபா 25 சதம். அறுபத்தைந்து அலகு பாவித்த வீட்டுக்கு 611 ரூபா. ஆக அந்த வீட்டிலே குளிர்ப்பெட்டியின் மாதச் செலவு 451 ரூபா 75 சதம். அறுபதாவது அலகிலே நின்றிருந்தால் மொத்தக் கட்டணமே 280 ரூபா 50 சதம்தான். அறுபத்தோராவது அலகு ஓடியதும் அது 571 ரூபா ஆனது. ஓர் அலகுக்கு விலை 290 ரூபா 50 சதம்! மாத முடிவிலே மீற்றர்ப் பெட்டியின் முன்னால் நின்று எண்ணைப் பார்த்துவிட்டு விசிறியை நிறுத்திய தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களிடம் கட்டண அட்டவணை கிடையாது. கோடு எங்கே இருக்கிறதென்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இது பழைய கதை. அப்பொழுது எண்கள் சிறியனவாக இருந்தமையால் வலியும் தாங்கக்கூடியதாக இருந்தது. 2022 இலே நாடு வங்குரோத்தாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாத முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டது. கதவைத் திறவாது வைத்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரமே ஒரு குளிர்ப்பெட்டி தன் குளிரைக் காக்கும். பதின்மூன்று மணி நேரத்தின் பின் அது வெறும் அலுமாரி. பின்னர் 2022 ஓகஸ்ட் 10 இல் ஒரு கட்டண உயர்வு வந்தது. சராசரி 75 சதவீதம் என்றார்கள். 2023 பெப்ரவரி 15 இல் மற்றொன்று வந்தது. சராசரி 66 சதவீதம் என்றார்கள்.

சராசரி என்ற இந்தச் சொல்லுக்குள்ளே எத்தனை வீடுகளைப் புதைக்கலாம் என்பதைப் பாருங்கள். மாதம் முப்பது அலகு பாவிக்கும் வீட்டுக்குக் கட்டணம் 105 ரூபாவிலிருந்து 1300 ரூபாவுக்கு ஏறியது. ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு. அறுபது அலகு பாவிக்கும் வீட்டுக்கு 280 ரூபா 50 சதத்திலிருந்து 2560 ரூபா. ஒன்பது மடங்கு. நூற்றெண்பது அலகு பாவிக்கும் வீட்டுக்கோ 4003 ரூபா 50 சதத்திலிருந்து 9780 ரூபா. இரண்டரை மடங்கும் இல்லை. எல்லோரும் சுமக்க வேண்டிய சுமை என்றார்கள். சுமக்க வலுவில்லாதவன் தலையிலே பெரிய மூட்டையை ஏற்றினார்கள்.

குளிர்ப்பெட்டியின் கணக்கு இன்னும் விந்தையானது. ஒரே அளவான, ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று நாம் மேலே சொன்ன கூலித் தொழிலாளியின் வீட்டில் நிற்கிறது. மற்றது, அது இல்லாமலே நூற்று முப்பது அலகு செலவழிக்கும் ஒரு வசதியான வீட்டில் நிற்கிறது. இரண்டும் மாதம் முப்பது அலகே எடுக்கின்றன. 2022 ஓகஸ்டுக்கு முன்னர் அந்தப் பெட்டிக்காக வசதியான வீடு 960 ரூபா செலுத்தியது, ஏழை வீடு 451 ரூபா 75 சதம் செலுத்தியது. கோடு கொடுமையானதாயினும், ‘உள்ளவன் கூடக் கொடுக்கட்டும்’ என்ற பழைய நியாயத்தின் நிழலாவது அங்கே இருந்தது. 2023 பெப்ரவரிக்குப் பின் வசதியான வீட்டின் பெட்டிக்கு 1500 ரூபா. ஏழை வீட்டின் பெட்டிக்கு, கட்டணம் 1635 ரூபாவிலிருந்து 3380 ரூபாவுக்குத் தாவியபடியால், 1745 ரூபா! அதே குளிர், அதே அலகு. ஏழைக்கு விலை கூட. ‘அதுகளுக்கு என்னத்துக்குப் பிறிஜ்?’ என்று கேட்டவர்கள் வாயாலே கேட்டார்கள். அட்டவணை அதையே காசாலே கேட்டது.

இதற்கு மெத்தப் படித்தவர்கள் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். உற்பத்திச் செலவை விலை பிரதிபலிக்க வேண்டும், மானியம் என்பது ஏமாற்று, மின்சார சபையின் நட்டத்தைத் திறைசேரி இனியும் தாங்காது என்பது அவ்விடை. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சு 20 இல் ஏறத்தாழ முந்நூறு கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தபோது இதுவே வேதவாக்காயிற்று. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் அந்தப் பெப்ரவரிக் கட்டண உயர்வை எதிர்த்தார். 2023 மே 24 இல் பாராளுமன்றம் 123 வாக்குகளுக்கு 77 வாக்குகள் என்ற கணக்கிலே அவரைப் பதவி நீக்கியது. அவர் நமது அணியைச் சேர்ந்தவரல்லர். அவருக்காகக் கண்ணீர் வடிக்கவும் நாம் வரவில்லை. விலையை ஆராய்வதற்கென்று சட்டம் அமைத்த ஓர் ஆசனத்திலிருந்து விலையைக் கேள்வி கேட்டவர் எவ்வளவு விரைவாக இறக்கப்பட்டார் என்பதைக் குறித்து வைக்கிறோம், அவ்வளவே.

மின்சாரத்துக்குச் செலவு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் டொலரிலேயே வருகின்றன. மழை பொய்த்தால் நீர்மின் நிலையங்களின் உருளைகள் நின்றுவிடுகின்றன. சபை நட்டத்தில் ஓடியதும் பொய்யன்று. ஆயின், செலவைப் பிரதிபலிக்க வேண்டுமென்று வாதிடுகிறவர்கள் அந்த வாதத்தை முழுமையாக நடத்தட்டும் என்கிறோம். ஒரு மின்வழங்கல் அமைப்புக்கு மிகுந்த செலவை உண்டாக்குவது மாலை ஆறரை மணி முதல் இரவு பத்தரை மணி வரையான உச்ச நேரம். அந்நேரத்துக்காகவே விலையுயர்ந்த எண்ணெய் இயந்திரங்களை முடுக்க வேண்டியிருக்கிறது. குளிர்ப்பெட்டியோ இரவும் பகலும் ஏறத்தாழ ஒரே சீராக மின்சாரம் எடுக்கும் பொருள். நாளின் இருபத்துநான்கு மணி நேரத்திலே உச்ச நேரம் நான்கு மணி நேரந்தான். அப்படியாயின் ஏழை வீட்டுப் பெட்டிக்கு வேண்டிய முப்பது அலகிலே இருபத்தைந்து அலகு மலிவான நேரத்து மின்சாரம். செலவைப் பிரதிபலிக்கும் விலை என்ற தத்துவத்தையே எடுத்துக்கொண்டாலும், நியாயமாக அந்தப் பெட்டிக்குக் குறைந்த விலையல்லவா வரவேண்டும்?

2025 ஏப்ரிலிலே நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புத்தாண்டு விடுமுறை நாட்களிலே மின்பாவனை குறைந்துவிட்டது, சூரிய வெளிச்சமோ குறையவில்லை. ஏப்ரில் 13 முதல் 21 வரை பிற்பகல் மூன்று மணி வரைக்கும் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை அவற்றின் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. எடுப்பார் இல்லாமல் மின்சாரம் பெருகியதாம்! அதே நாட்களிலே, கோட்டைத் தாண்டிவிடுவோமே என்று அஞ்சிக் குளிர்ப்பெட்டியின் இணைப்பைக் கழற்றி வைத்த வீடுகள் நமது ஒழுங்கைகளிலே இருந்தன. மின்சாரம் மிஞ்சுகிறது, வேண்டியவர்களும் இருக்கிறார்கள், இரண்டுக்கும் இடையிலே அறுபது அலகுக் கோடு நிற்கிறது. முதலாளித்துவப் பொருளாதாரத்தின் மிகை உற்பத்தி நெருக்கடியை மாணவர்களுக்கு விளக்க இதைவிட எளிய உதாரணம் கிடையாது.

கூரைத் தகட்டைப் பற்றியும் ஒரு சொல். 2016 இலே அரசாங்கம் தொடங்கிய சூரியசக்தித் திட்டத்தின்கீழ், தகடு பூட்டிய வீட்டார் சபைக்கு விற்கும் ஒவ்வோர் அலகுக்கும் முதல் ஏழு ஆண்டுகள் 22 ரூபா பெற்றனர். சூரியன் எல்லோருக்கும் பொது என்கிறோம். ஆனால் கூரையும் முதலும் பொதுவல்ல. வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்தாலே தகடு பூட்டிய வீட்டில் இரண்டு குளிர்ப்பெட்டிகள் ஓடலாம், கட்டணம் பூச்சியமாகலாம், மேல்வருமானமும் வரலாம். அந்த வீட்டாரிடம் நமக்குப் பகையில்லை. அவர்களிற் பலர் நமது உறவினர்கள். தகரக் கூரையின் கீழ் இருக்கும் பெண் அதே சபையிடமிருந்து 2023 இலே 42 ரூபாவுக்கு ஓர் அலகு வாங்கினாள் என்பதையே நினைவூட்டுகிறோம்.

அப்படிப்பட்ட ஒரு பெண்ணை நாம் சந்தித்தோம். அச்சுவேலிச் சந்தையிலிருந்து அதிக தூரமில்லாத ஓர் ஒழுங்கையில் இருக்கிறார். கணவரை இழந்தவர். செம்மண் தோட்டங்களிலே வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் கூலிக்குப் போகிறவர். நீரிழிவு நோய் உள்ளவர், ஆஸ்பத்திரியிலே கொடுக்கும் இன்சுலின் போத்தல்களை வீட்டிலே வைத்துத் தாமே ஏற்றிக்கொள்கிறார். மின்கட்டணத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டோம்.

“இரவிலை பிளக்கைக் கழட்டிப் போடுவன் தம்பி. விடியத்தான் திரும்பக் கொழுவிறனான். வேறை என்ன செய்யிறது?”

“மருந்து?”

“அது உள்ளுக்கைதான் கிடக்குது. கதவைத் திறக்காட்டிக் குளிர் நிக்குந்தானே.”

நிற்காது. திறவாத இன்சுலின் போத்தல்கள் இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையிலே வைக்கப்பட வேண்டியவை. நமது சித்திரை வைகாசி இரவுகளிலே, எட்டு மணி நேரம் அணைத்து வைத்த பழைய பெட்டிக்குள்ளே அந்தக் குளிர் நிற்பதற்கு வழியில்லை. இவ்வளவு ஆபத்தை விலையாகக் கொடுத்து அந்த அம்மா பெறும் மிச்சமும் மிகச் சிறிது. இரவு முழுவதும் சுவர்களூடாக உள்ளே புகுந்த வெப்பத்தைக் காலையிலே அமுக்கி ஒரே மூச்சிலே வெளியேற்ற வேண்டியிருக்கிறது. இரவிலே ஓடாத ஓட்டத்தின் பெரும்பகுதியை அது பகலிலே ஓடித் தீர்க்கிறது. இதை அவருக்கு விளக்கினோம். கேட்டுக்கொண்டார். அன்றிரவும் கழற்றியிருப்பார் என்றே நினைக்கிறோம். கழற்றிய பிளக்குக் கண்ணுக்குத் தெரியும் சிக்கனம், அமுக்கியின் ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத கணக்கு.

மருந்தை விட்டாலும், அந்தப் பெட்டி அவ்வீட்டிலே செய்யும் வேலை அநேகம். தோட்டக் கூலிக்குப் போகிறவள் விடியற்காலையிலே அடுப்பு மூட்டிச் சமைத்துவிட்டுப் போக வேண்டும். மத்தியானத்துக்குப் பள்ளியால் வரும் பிள்ளைக்குச் சோறும் கறியும் பழுதாகாமல் இருக்க வேண்டும். தொண்டைமானாற்றுப் பக்கமிருந்து வரும் மீனை ஒரு நாளைக்கு வேண்டிய அளவு மட்டும் அன்றன்று வாங்குகிறவள் எப்போதும் கூடிய விலையே கொடுக்கிறாள். மலிந்த நாளிலே வாங்கி வைக்க அவளால் முடியாது. பால் மாடு ஒன்று இருந்தால் மாலைப் பாலை மறுநாள் வரை வைத்திருக்க வேண்டும். சில வீடுகளிலே யோகட் செய்தும், ஐஸ் பைக்கற் கட்டியும் பள்ளிக்கூட வாசலிலே விற்று அந்தப் பெட்டியே குடும்பத்துக்கு ஒரு கை கொடுக்கிறது. இவையெல்லாம் பெண்ணின் உழைப்பு நேரத்தோடு சம்பந்தப்பட்டவை. ஆட்டுக்கல்லும் உரலும் கொடுத்த கை வலியைப் பற்றி நெஞ்சுருகிப் பேசும் நாம், குளிர்ப்பெட்டி என்றதும் ஆடம்பரம் என்று முகம் சுளிப்பது ஏன்?

இந்த இடத்திலே நம்மையும் நாம் விசாரணைக்கு உட்படுத்த வேண்டும். 1977 இலே திறந்த பொருளாதாரம் வந்து, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் கொழும்பு வியாபாரிகளும் குளிர்ப்பெட்டியும் தொலைக்காட்சியும் இறக்குமதி செய்து நிறைத்த காலத்திலே, முற்போக்காளர்களாகிய நாம் அந்தப் பெட்டியை நுகர்வு மோகத்தின் சின்னமாகவே எழுதினோம், கதைகளிலே அதை வைத்து மனிதர்களை எள்ளினோம். அந்நியப் பொருளின் வெள்ளம் உள்ளூர் உற்பத்தியாளனை அடித்துச் சென்றதைக் கண்டித்தது சரியே. ஆனால் பொருளையும் அதன் விற்பனை முறையையும் பிரித்துப் பார்க்கத் தவறினோம். அதனாலேதான், ஏழைக்குப் பிறிஜ் எதற்கு என்று இன்று மேட்டுக்குடி கேட்கும்போது நம்மிற் சிலரது நாக்கும் தடுமாறுகிறது.

பின்னர் போர் வந்தது. 1990 யூனிலே போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலிலே சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கின் கீழ் ஒரு தலைமுறை படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். குளிர்ப்பெட்டிகள் அரிசியும் புத்தகமும் வைக்கும் பெட்டகங்களாக நின்ற வீடுகளைக் கண்டிருக்கிறோம். எலி புகாத நல்ல அலுமாரி என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். போர் முடிந்து, 2013 அளவிலே தேசிய மின்வலையோடு குடாநாடு மீண்டும் இணைக்கப்பட்டது. இடைக்காலத்திலே எண்ணெய் இயந்திரங்களே நமக்கு வெளிச்சம் தந்தன. சுன்னாகத்துச் சுற்றுப்புறக் கிணறுகளிலே எண்ணெய் மிதந்த கதை யாவரும் அறிந்தது. தனியார் மின்நிலையம் ஒன்று இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2019 இலே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வலிகாமத்து மக்கள் மின்சாரத்துக்குப் பணத்தால் மட்டுமன்றிக் குடிதண்ணீராலும் விலை கொடுத்தவர்கள். இவர்களைப் பார்த்துத்தான் மானியத்தில் வாழ்ந்தவர்கள் என்கிறார்கள்!

மலையகத்தையும் மறத்தலாகாது. நீரிலிருந்து மின்சாரம் எடுத்து இலங்கை முழுவதற்கும் வழங்கலாமென்று விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918 இலே எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதித்து, 1950 இலேதான் இலக்சபானாவின் முதல் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயன்களோ பல்லாண்டுகள் இருளிலே கிடந்தன. மின்சாரம் பிறக்கும் இடத்திலே வாழ்ந்தவனுக்கு அது கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. இன்று லயன் அறையிலே ஒரு குளிர்ப்பெட்டி நின்றால் அவனிடமும் இதே கேள்வியே கேட்கப்படுகிறது.

ஏழை வீட்டுப் பெட்டி பெரும்பாலும் புதியதன்று என்பதையும் கணக்கிலே சேர்க்க வேண்டும். வசதியான வீட்டார் சிக்கனமாக ஓடும் புதிய பெட்டி வாங்கும்போது பழையது கைமாறுகிறது. கதவின் றப்பர் பட்டி வெடித்து, குளிர்வாயு குறைந்து, அமுக்கி ஓய்வின்றி இரையும் அந்தப் பெட்டி நாளுக்கு இரண்டு அலகும் எடுக்கும். அப்பொழுது முப்பத்தைந்து அலகு வீடு தொண்ணூற்றைந்து அலகு வீடாகிறது. தொண்ணூறிலே இன்னொரு கோடு உண்டு. 2023 பெப்ரவரிக் கட்டணப்படி அவ்வீட்டுக்கு 5530 ரூபா, பெட்டிக்காக மட்டும் 3895 ரூபா. மலிவாகக் கிடைத்த பெட்டி சில மாதங்களிலே தன் விலையைக் கட்டணமாக அறவிட்டுவிடுகிறது. வறியவன் வாங்கும் பொருளே விலை கூடியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இது விதியன்று, சட்டத்தினாலே மாற்றத்தக்கது. அமெரிக்காவிலே 1970 களின் நடுப்பகுதியில் ஒரு புதிய குளிர்ப்பெட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 1800 அலகு செலவழித்தது. கலிபோர்னியா மாநிலம் முதலிலும் பின்னர் மத்திய அரசும் தரநிலைகளை விதித்தன. கம்பனிகள் கூக்குரலிட்டன, பின்னர் பணிந்தன. 2001 ஆம் ஆண்டளவில், முன்னையதிலும் பெரிய பெட்டிக்கு 500 அலகு அளவே போதுமாயிருந்தது. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்திலேயே இது நடந்திருக்கிறது. கியூபாவிலே 2005 ஆம் ஆண்டையடுத்து இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பழைய குளிர்ப்பெட்டிகளை மாற்றிப் புதியவற்றைக் கடனுக்குக் கொடுத்தார்கள். கியூபாவைச் சொர்க்கமாகக் காட்ட நாம் விரும்பவில்லை. அந்தக் கடனைக் கட்ட முடியாமல் அங்கும் பலர் துன்புற்றனர், 2024 ஒக்டோபரிலே அந்நாட்டின் மின்வலையே ஒருமுறை முற்றாக விழுந்தது. என்றாலும் ஏழை வீட்டுப் பெட்டி என்பது தனிப்பட்ட ஆசையன்று, அரசு கவனிக்க வேண்டிய பொதுக் காரியம் என்ற எண்ணம் அங்கே எழுந்தது. நம் நாட்டிலே எழுந்ததெல்லாம், அடிக்கடி கதவைத் திறக்காதீர்கள், சூடான உணவை உள்ளே வைக்காதீர்கள் என்ற உபதேசம் மட்டுமே. உபதேசம் தவறானதன்று. உபதேசத்துக்குச் செலவில்லை என்பதே அதன் சிறப்பு.

2023 யூலையிலே கட்டணம் சிறிது தணிந்தது. முப்பது அலகுக்குள் நிற்பவருக்கு அலகு விலை 30 ரூபாவிலிருந்து 10 ரூபாவுக்கு வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலே மீண்டும் ஏறியது. 2024 இலே இரு தடவை இறங்கியது. 2025 சனவரியில் 20 சதவீதம் இறங்கியது, யூனில் 15 சதவீதம் ஏறியது. ஏற்றமும் இறக்கமுமாக இத்தனை திருத்தங்கள் நடந்தபோதும் அறுபது அலகுக் கோட்டை ஒருவரும் தொடவில்லை. இதற்கிடையே 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம், 1969 இலே உருவான மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி வகுத்தது. சபை யாருடையது என்ற கேள்விக்கு நமது இயக்கங்கள் குரல் கொடுத்தன, கொடுக்கவும் வேண்டும். ஆனால் அட்டவணை யாருக்காக எழுதப்படுகிறது என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்கவில்லை. அரசுடைமையான சபைதானே 2023 பெப்ரவரி அட்டவணையையும் நடைமுறைப்படுத்தியது?

நாம் கேட்பது இலவச மின்சாரமன்று. முதல் அறுபது அலகுக்குரிய மலிவு விலை எவருக்கும் பறிபோகக் கூடாது, கோட்டைத் தாண்டிய அலகுக்கு மட்டுமே தாண்டிய விலை வேண்டும். அதனால் வசதியுள்ளவனும் பயன்பெறுவானே என்றால், நூற்றெண்பதுக்கு மேலே அறவிடுங்கள், அங்கே தாராளமாக இடமிருக்கிறது. நிலையான கட்டணம் ஓர் அலகினாலே நூற்றுக்கணக்கில் தாவும் முறை ஒழிய வேண்டும். பகல் வேளையில் மிஞ்சும் மின்சாரத்தின் மலிவு சிறு பாவனையாளருக்கும் கிடைக்க வேண்டும். குளிரில் வைக்கும் மருந்தை ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பும் வீட்டின் இணைப்பை எக்காரணங்கொண்டும் துண்டித்தலாகாது. பழைய பெட்டிகளை மாற்றும் வேலையை நமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கலாம். போருக்குப் பின் வந்த நுண்கடன் கம்பனிகளின் வட்டியிலே வடபகுதிப் பெண்கள் பட்ட பாட்டை அறிந்த எவரும், தவணைக்குப் பெட்டி விற்கும் கடைகளிடம் அந்த வேலையை ஒப்படைக்கச் சொல்ல மாட்டார்கள்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பிலே கூட்டு வட்டியும் விகிதசமமும் படிப்பிக்கிறோம். ஒரு நாள் அந்தப் பாடத்துக்குப் பிள்ளைகள் தத்தம் வீட்டு மின்கட்டணப் பட்டியலைக் கொண்டு வரட்டும். அறுபதாவது அலகையும் அறுபத்தோராவது அலகையும் கரும்பலகையிலே எழுதி, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். வீட்டிலே குளிர்ப்பெட்டி எத்தனை மணிக்கு அணைக்கப்படுகிறது என்றும் கேளுங்கள். பட்டியல் கொண்டுவராத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். வகுப்பின் முன்னால் காரணம் கேட்க வேண்டாம். அந்த வீட்டிலே இணைப்பு இருக்கிறதா என்று பின்னேரம் தனியே விசாரித்தறியுங்கள்.